நசீர் சொன்ன வழி

“மச்சான் மவுத்தாயிட்டாக” என்று நசீரின் மரணத்தை அவருடைய மைத்துனர் தேவிபட்டினத்திலிருந்து போனில் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நசீரிடம் ஏன் என்று ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும். இனி முடியாது. அவரோடு வேலை பார்த்து, இந்த இரங்கல் பக்கத்தில் எழுதும் உங்களுக்கு இது உறுத்தலாம்.

இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு மாடியறையில் இருந்துகொண்டு, மதுரைக் கம்பெனி ஒன்றுக்காக நாங்கள் இருவரும் ஹைப்பர்வைசர் எழுதினோம். ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓடவைக்கும் மென்பொருள் அது. மதியம் அவர் வீட்டு மீன் குழம்பு என் தட்டுக்கும் வரும். நல்ல மனிதர் என்று நீங்கள் எல்லோரும் எழுதுவீர்கள். குழம்பு விஷயத்தில் அது உண்மை. “எவன் சொன்னதையும் எடுத்துக்காதம்மா, சிப்புக்கிட்டயே கேளு” என்பார்.

நினைவகத்தைக் குறியாக்கம் செய்யும் சிப்பில், நினைவக முகவரியின் மேல் பிட்டுகள் சில குறியாக்கச் சாவியைக் குறிக்கப் போய்விடும். இயங்குதளம் அவற்றைக் கழித்து, முகவரியின் அகலத்தை, அதாவது பிட்டுகளின் எண்ணிக்கையை, குறைத்தே குறித்து வைத்திருக்கும். சிப்புக்கோ அந்தப் பிட்டுகளும் புழக்கத்தில்தான் இருக்கின்றன. ஆகவே முழு அகலத்தை ஹைப்பர்வைசர் சிப்பிடம்தான் கேட்க வேண்டும். நசீர் எழுதிய வரி இயங்குதளத்தின் கணக்கை எடுத்திருந்தது. இது சரியா என்று கேட்டேன். குறியாக்கத்தை இயக்கியே ஓட்டிப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். ஒரே சட்டியில் சாப்பிடுகிறவரிடம் அத்தாட்சி கேட்கும் வழக்கம் எங்கள் அறையில் இல்லை. ஒப்புதல் கொடுத்தேன்.

அவர் ஓட்டிப் பார்க்கவே இல்லை. அந்த வரியால் வாடிக்கையாளரின் கணினிகள் வரிசையாக முடங்கின. விசாரணைக் கூட்டத்தில் அவர் என் முகத்தைப் பார்க்காமல், “ஓட்டிப் பாக்குற பொறுப்பு சித்ராவோடது. பாத்துட்டேன்னுதான் சொல்லுச்சு” என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே சொன்னார். என்னைக் குழுவிலிருந்து தூக்கினார்கள். அதன்பின் அவர் என்னிடம் பேசவில்லை.

துக்கம் விசாரிக்கப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். “அக்கா, எங்க வீட்டுல அடுப்பு எரியணும்னு நீங்களா பழிய ஏத்துக்கிட்டீகளாம்ல. அவுக சொல்லிச் சொல்லி அழுவாக.”

என் பெயரை என்னைக் கேட்காமலே இரண்டு முறை எடுத்துச் செலவழித்திருக்கிறார். அந்தப் பெண்ணிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்: நான் எதையும் ஏற்கவில்லை.

அவர் அழுதார் என்பதை நம்புகிறேன். மன்னிக்க அது போதவில்லை. அவரிடமிருந்து ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறேன். இன்றும் அகலத்தைச் சிப்பிடமே கேட்கிறேன். இப்போது அவருக்காக அழுகிற நீங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தீர்கள். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.