கர்த்தர் எப்படிப் பேசினார் என்று கேட்டவர்

அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகும் எங்கள் வீட்டில் ஒருவராலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அந்தத் தவிப்போடுதான், துக்கத்தில் பங்கெடுத்த உங்களுக்காகத் தம்பியாகிய நான் இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது வல்லம் வடகாலில். அப்பா சீக்கிரமே இறந்துவிட்டதால் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் சேர்ந்தார். என்னைப் படிக்கவைத்தவர் அவரே. சபையில் பெண்கள் ஜெபக்கூட்டத்தையும் அவர்தான் நடத்தினார். ஜெபிக்கும்போதுகூட நடந்துகொண்டே இருப்பார்.

அவரோடு ஒரே லைனில் வேலை செய்த செல்வராணி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுவந்தாள். சபைக்கு வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர் அவள் தலையில் கைவைத்து, "நீ சுகமாயிட்டன்னு கர்த்தர் எங்கிட்டச் சொன்னாரு. இனி மாத்திரை வேணாம்" என்றார். அன்றே நிறுத்திவிட்டாள். சில வாரங்களில் இருமல் திரும்பியது.

"இன்னாடி, இப்படி இளைச்சுட்ட? மாத்திரை போடறியா இல்லியா?" என்று அக்கா கேட்டார்.

"ஐயா வேண்டாம்னுட்டாவளே அக்கா. திரும்பப் போட்டா விசுவாசம் இல்லன்னு ஆயிரும்லா?"

அக்கா அவளைத் திட்டவில்லை. தேவன் மனிதரோடு பேசுவார் என்று முழுமனதாக நம்பியவர் அவர். அதனால்தான் தவித்தார். அந்த ஊழியக்காரரிடம் தேவன் மெய்யாகவே பேசியிருந்தால்? வேலை முடிந்து வந்ததும் வேதத்தைப் புரட்டுவார். அடுப்படியில் நின்றபடி என்னிடம் சொல்வார்:

"தீர்க்கதரிசிங்களுக்குக் கனவுலயும் தரிசனத்துலயும் பேசறாரு. மோசேகிட்ட மட்டும் முகமுகமா. எலியாவுக்கு மெல்லிசா ஒரு சத்தம். சாமுவேலைக் கூப்பிட்டப்போ, அவன் ஆசாரியரு ஏலி கூப்பிட்டாருன்னு நெனச்சு ஓடறான். கர்த்தர் குரலை மனுசன் குரல்னு நெனைக்கலாம்னா, மனுசன் குரலைக் கர்த்தர் குரல்னும் நெனைச்சுடலாம் இல்ல?"

கடைசியில் எசேக்கியா ராஜாவின் கதையில் வந்து நின்றார். சாகக்கிடந்த ராஜா பிழைப்பார் என்று தேவன் ஏசாயா தீர்க்கதரிசியிடம் சொல்லிவிட்டார். அப்படியிருந்தும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, ராஜாவின் பிளவைக் கட்டிமேல் மருந்தாகப் பற்றுப் போடவைத்தார்.

அடுத்த முறை அந்த ஊழியக்காரர் வந்தபோது, ஆராதனை முடிந்ததும் அக்கா எழுந்தார்.

"ஐயா, கர்த்தர் உங்ககிட்ட எப்படிப் பேசினாரு? கனவுலயா, தரிசனத்துலயா?"

"என்னையே சோதிக்கிறியாம்மா?"

"சோதிச்சுப் பாக்கச் சொல்லி வேதத்துலயே கீதுங்க ஐயா."

போதகரும் சபையாரும் ஜெபக்கூட்டப் பொறுப்பை அக்காவிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அம்மா அழுதார். மறுநாளே அக்கா செல்வராணியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் கோபித்துக்கொண்டு, சிகிச்சையை முதலிலிருந்து தொடங்கினார். அவள் மெல்லத் தேறினாள்.

அக்காவுக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. "நெஜமாவே கர்த்தர் பேசியிருந்து, நான் குறுக்க நின்னுட்டேனோ?" என்று வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தக் கம்பெனி மூடியது. ஒரகடத்தில் வேறு வேலைக்குப் போனார். அங்கிருக்கும்போதுதான் புற்றுநோய் கண்டது. 'நீ பிழைப்பாய்' என்று கர்த்தர் சொன்னதாகச் சபையார் சிலர் வந்து சொன்னார்கள். அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஊசி போட்டுக்கொள்ளக் கிளம்பினார்.

பழைய மனத்தாங்கலை விட்டு வீடு தேடி வந்து ஜெபித்த போதகருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், கல்யாணமாகி ஊரோடு போயிருந்தும் கைக்குழந்தையோடு வந்து அக்காவின் கட்டிலருகே தங்கிய செல்வராணிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசி வாரத்தில் நான் கேட்டேன், "அக்கா, உங்கிட்ட கர்த்தர் ஏதாச்சும் பேசினாரா?"

"இன்னும் இல்லடா. கேட்டுகினேதான் கீறேன்" என்றார். மூச்சு வாங்கியது. "பேசினாருன்னா, நீங்கதானான்னு ஒரு தபா கேட்டுட்டுத்தான் பதில் சொல்லுவேன்."