ஒன்பது சாட்டிலைட்

என் மனைவியின் வலது கையில் இப்போது மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. கட்டைவிரல் இருக்கிறது, ஆனால் மடங்காது. எப்படி ஆயிற்று என்று யாராவது கேட்டால், "ட்ரோன் ஜிபிஎஸ் விட்டுப்போய் வந்து இடிச்சிடுச்சு" என்பேன். இரண்டு வருடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் அவ்வளவு நாள் சொல்ல முடிந்தது.

மஸ்கட்டில் பதினொரு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊருக்கு வந்தவன் நான். மன்னார்குடியிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். வந்த வருடமே பார்த்தேன், மருந்தடிக்க ஆள் கிடைக்கவில்லை. முதுகில் டேங்கைச் சுமந்துகொண்டு சேற்றில் நடக்க யாரும் வருவதில்லை. பத்து நாள் பயிற்சிக்குப் போய், லைசென்ஸ் எடுத்து, மருந்து தெளிக்கும் ட்ரோன் ஒன்று வாங்கினேன். விரித்து வைத்தால் ஒரு கயிற்றுக்கட்டில் அளவு இருக்கும். ஆறு விசிறிகள்.

கூட வர ஆள் வேண்டும் என்றபோது மனைவி தானே வருகிறேன் என்றாள். அதுவரை இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பட்டா, சிட்டா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். சீக்கிரமே இந்த வேலையில் என்னைவிடத் தேறிவிட்டாள். புடவைக்கு மேல் என் பழைய மஸ்கட் யூனிஃபார்ம் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் தொப்பியோடு வரப்பில் நிற்பாள். மருந்தைக் கூடுதலாகக் கலக்கச் சொல்லும் விவசாயிகளோடு சண்டை போடுவாள். "டப்பாவுல எழுதியிருக்கறதைப் படிங்கண்ணே, அப்புறம் என்னைத் திட்டுங்க" என்பாள். அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இ-சேவை மையத்தில் யாரும் அவளை நிமிர்ந்து பார்த்ததில்லை என்று ஒருமுறை சொன்னாள்.

ட்ரோன் ஆகாயத்தில் ஒரே இடத்தில் நிற்பது அதன் சொந்தத் திறமையால் அல்ல. மேலே சுற்றும் சாட்டிலைட்டுகளைப் பார்த்துத்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று அது தெரிந்துகொள்கிறது. எங்கள் பக்கத்து வெட்டவெளி வயலில் வானம் முழுசாகக் கிடைக்கும். ரிமோட் திரையில் இருபது, இருபத்திரண்டு சாட்டிலைட் என்று காட்டும். தென்னந்தோப்பு ஓரத்திலோ மூங்கில் கொத்துக்குப் பக்கத்திலோ வைத்தால் பாதி வானம் மறைந்துபோகும், எண்ணிக்கை இறங்கிவிடும். எங்கள் மிஷினுக்குப் பதினான்குக்குக் கீழே இருந்தால் கிளப்பக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

அதற்குக் கீழே போனால் ட்ரோன் உடனே விழுந்துவிடாது. விழுந்தால்கூடத் தேவலை. உயரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும், இடத்தை விட்டுவிடும். ஓடுகிற வாய்க்காலில் ஆகாயத்தாமரை போவதுபோலக் காற்று தள்ளிய பக்கம் போகும். சாட்டிலைட் இருக்கும்போது ரிமோட்டின் குச்சியிலிருந்து விரலை எடுத்தால் ட்ரோன் அப்படியே நின்றுவிடும். சாட்டிலைட் இல்லாவிட்டால் விரலை எடுத்தாலும் நிற்காது, எதிர்ப்பக்கம் தள்ளித்தான் நிறுத்த வேண்டும். இதைப் பயிற்சியில் அரைநாள் பழக்கினார்கள். அதற்குப்பிறகு நான் ஒருநாள்கூடப் பழகிப் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை.

அது ஒரு கார்த்திகை மாதம். மூன்று நாள் விடாமல் பெய்துவிட்டுக் காலையில் கொஞ்சம் வெளுத்திருந்தது. சம்பாப் பயிரில் புகையான் பூச்சி விழுந்து வட்டம் வட்டமாகக் காய்கிறது என்று பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கூப்பிட்டார். அறுபது வயதிருக்கும், நல்ல மனிதர். அவர் வயலுக்கு ஒருபுறம் தென்னந்தோப்பு. இன்னொருபுறம் வாய்க்கால் கரையில் அடர்ந்த மூங்கில். திறந்த பக்கம் வாய்க்காலுக்கு அந்தண்டை இருந்தது. அங்கே போக பேட்டரி, தண்ணீர் கேன், ட்ரோன் எல்லாவற்றையும் சேற்றில் அரை கிலோமீட்டர் சுற்றித் தூக்கிப் போக வேண்டும்.

தோப்பு ஓரத்திலேயே ட்ரோனை விரித்தேன். திரையில் எண்ணைப் பார்த்துச் சொல்வது மனைவியின் வேலை.

"எவ்ளோ காட்டுது?"

"ஒன்பதுங்க."

ஐந்து நிமிஷம் பொறுத்து மறுபடி கேட்டேன்.

"ஒன்பதுதான். நடுவுல பதினொண்ணு வந்துச்சு, திரும்ப எறங்கிடுச்சு. அந்தண்டை போயிடலாங்க. கேனை நான் தூக்கிட்டு வர்றேன்."

வயல்காரர் வானத்தைப் பார்த்தார். "தம்பி, வடக்கால கட்டுது பாருங்க. மழை பிடிச்சா அடிக்கிற மருந்து பூரா தண்ணியோட போயிடும்."

"மரத்துக்கு மேல போயிட்டா தானா ஏறிடும்" என்றேன்.

ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு மருந்து கலக்கப் போனாள்.

நான் சொன்னபடியே நடந்தது. தென்னைக்கு மேலே போனதும் பதினெட்டு காட்டியது. முதல் டேங்க் ஒரு குறையில்லாமல் தெளித்து முடிந்தது. இறக்கினேன். "பாத்தியா" என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் துணிச்சலைக் கொடுத்தது. நேரம் மிச்சமாகட்டும் என்று, "மருந்து கலந்த கேனை எடுத்துக்கிட்டு இறங்குற இடத்துக்குப் பக்கத்துலயே நில்லு, இறங்குனதும் ஊத்திடலாம்" என்றேன். ட்ரோன் இறங்கும்போது யாரும் அருகில் நிற்கக் கூடாது, கூட வந்தவர் ஓட்டுபவருக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பது முதல் நாள் பாடம். அவள் என் பேச்சைக் கேட்டு வரப்பின்மேல் வந்து நின்றாள்.

இரண்டாவது டேங்க் முடிந்து ட்ரோன் திரும்பியது. தென்னை மட்டைகளின் உயரத்துக்குக் கீழே இறங்கியபோது ரிமோட் கத்தியது. நான் பழக்கத்தில் குச்சியை விட்டேன். நிற்கும் என்று நினைத்தேன். அது நிற்கவில்லை. வாடைக்காற்று அதை மெதுவாக, யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போவதுபோல, வரப்பு பக்கம் தள்ளிக்கொண்டு போனது. என்ன நடக்கிறது என்று புரிய எனக்கு இரண்டு விநாடி ஆயிற்று. பிறகு தள்ளினேன். ட்ரோனின் முகம் என்னைப் பார்த்து இருந்ததால் இடமும் வலமும் மாறிப்போயிற்று. அவளிருந்த பக்கமே தள்ளினேன்.

வரப்பு ஒரு அடி அகலம். இரண்டு பக்கமும் சேறு. பின்னால் நகர்ந்தவள் வழுக்கி ஒரு முழங்கால் சேற்றில் இறங்க, முகத்துக்கு முன்னால் கையைத் தூக்கினாள்.

அதைப்பற்றி இதற்குமேல் எழுதப்போவதில்லை.

வயல்காரரின் காரில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவருடைய துண்டைத்தான் கையில் சுற்றியிருந்தோம். வழியெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். நீடாமங்கலம் தாண்டியதும் கண்ணைத் திறந்து, "கேன் கவுந்துடுச்சா?" என்று கேட்டாள். "வாய்க்கால்ல மருந்து கலந்துடப் போவுது. மாடு தண்ணி குடிக்கிற இடம்" என்றாள்.

சாயங்காலம் மயிலாடுதுறையிலிருந்து அவளுடைய அண்ணன் வந்தார். பள்ளிக்கூட வாத்தியார். தங்கையின் கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "எப்படி மாப்பிள்ளை?" என்றார்.

"ஜிபிஎஸ் கட் ஆயிடுச்சுங்க மச்சான்."

பக்கத்தில் நின்ற வயல்காரர், "மிஷின் கோளாறு சார், யார் என்ன பண்ண முடியும்" என்றார்.

அவள் கட்டிலில் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். என்னைப் பார்த்தாள். அவள் வாய் திறக்காததை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். கொடுத்தாளா என்று கேட்கவில்லை.

அதன்பிறகான இரண்டு வருடத்தில் எங்கள் வீட்டில் சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. இ-சேவை மையத்துக்கு அவள் திரும்பிப் போனாள். டைப் அடிக்க முடியாது என்பதால் வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கச் சொன்னார்கள். இரண்டு மாதத்தில் நின்றுவிட்டாள். காலையில் நான் அவளுக்குத் தலை பின்னிவிடுவேன். சரியாக வராது, ஒருபக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவாள். கல்யாண வீடுகளில் முந்தானையால் கையை மூடிக்கொள்வாள், பந்தியில் உட்காரமாட்டாள். நானும் ஆறு மாதம் ட்ரோனைத் தொடாமல் இருந்துவிட்டு, வேறு வேலை தெரியாததால் மறுபடி எடுத்தேன். தனியாகப் போய் வந்தேன். எங்கே போனேன் என்று அவள் கேட்பாள். எவ்வளவு காட்டியது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன வருடம் தஞ்சாவூருக்கு வெளியே ஒரு பயிற்சி மையத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். புதிதாக ட்ரோன் பழகுகிறவர்களுக்கு, சிக்னல் சரியாகக் கிடைக்காத இடங்களில் எப்படி ஜாக்கிரதையாக ஓட்டுவது என்று அனுபவப்பட்டவர் சொன்னால் மனதில் நிற்கும் என்றார்கள். அனுபவப்பட்டவர். அந்த வார்த்தைக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை.

முப்பது பேர் இருந்தார்கள், பாதிக்குமேல் பெண்கள். நன்றாகவே பேசினேன். எவ்வளவு சுற்றினாலும் திறந்த இடத்திலிருந்து கிளப்புங்கள் என்றேன். கிளம்பின இடத்தை ட்ரோன் சரியாகக் குறித்துக்கொண்டதா என்று வரைபடத்தில் பாருங்கள். வாரத்துக்கு ஒருதரம் ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு ஆளில்லாத வெளியில் ஓட்டிப் பழகுங்கள், கை மறந்துவிடும். காற்று போகிற பக்கம் யாரையும் நிறுத்தாதீர்கள். மேலே போனால் ஏறிவிடும் என்று நம்பாதீர்கள், திரும்பக் கீழே வரத்தானே வேண்டும். எண் வரவில்லை என்றால் அன்றைக்குக் கைத்தெளிப்பான்தான்.

முடிக்கும்போது என் மனைவிக்கு நடந்ததைச் சொன்னேன். வழக்கமாகச் சொல்வதைப்போலத்தான் சொன்னேன்.

முன்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். "கிளம்பறப்ப எவ்ளோ காட்டுச்சு சார்?"

"ஒன்பது."

"நம்பர் பாத்தது யாரு?"

"என் மனைவிதான்."

"அவங்க வேணாம்னு சொல்லலியா?"

அவள் குற்றம் சாட்டவில்லை. நோட்டில் எழுதிக்கொள்வதற்காகக் கேட்டாள், பேனா தாளின்மேல் இருந்தது.

"சொன்னா" என்றேன்.

தேநீர் கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து இடதுகையால் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். ஒன்பது என்று நீ சொன்னதும், அந்தண்டை போகலாம் என்றதும், பக்கத்தில் நிற்கச் சொன்னது நான்தான் என்பதும், எல்லாவற்றையும் அவளுக்கே சொன்னேன். உரிப்பதை அவள் நிறுத்தவில்லை.

"எத்தனை பேர் இருந்தாங்க?"

"முப்பது பேர் இருக்கும்."

"முப்பது பேருக்குச் சொல்லிட்டு வந்து என்கிட்ட சொல்றீங்க."

நான் தலைகுனிந்திருந்தேன்.

"எனக்கு எதுக்குங்க? நான்தானே நம்பரைப் படிச்சேன். எங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க. இத்தினி நாளா எனக்குத்தான் ஒதுங்கி நிக்கத் தெரியலைன்னு அவரு நெனச்சுக்கிட்டிருக்காரு."

அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை. மறுநாள் போன் செய்து சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். என்னிடம் மரியாதையாகவே பேசினார். அவள் ஏற்கெனவே பையைக் கட்டி வைத்திருந்தாள்.

"கோவம்லாம் இல்லைங்க. கொஞ்ச நாள் அங்க இருந்துட்டு வர்றேன்" என்றாள்.

எட்டு மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மயிலாடுதுறைக்கு பஸ் ஏறிப் போகிறேன். காபி கொடுப்பாள். வயல், மழை, ஆற்றில் தண்ணீர் வந்தது, இதெல்லாம் பேசுவோம். எப்ப வர்றே என்று ஒரே ஒருமுறை கேட்டேன். "பாக்கலாங்க" என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஏதாவது பிடி கிடைத்திருக்கும்.

சென்ற வாரம் நாகூர் போகும் சாலைப் பக்கம் ஒரு வயலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று பக்கமும் மரம், மேகமூட்டம். திரையில் பதினொன்று. முக்கால் மணி நேரம் காத்திருந்தும் ஏறவில்லை. திறந்த பக்கமும் கிடையாது. முடியாது என்றேன். வயல்காரர் முகம் சுளித்துவிட்டு வேறொரு ட்ரோன்காரரைக் கூப்பிட்டார். அவர் வந்தார், திரையைப் பார்த்தார், கிளப்பினார். நான் போகாமல் சாலையோரத்திலேயே நின்று பார்த்தேன். நான்கு டேங்க். ஒவ்வொரு தடவையும் கொக்கு இறங்குவதுபோல வந்து இறங்கியது. மதியத்துக்கு முன் வேலை முடிந்துவிட்டது.

"இவ்ளோதாங்க. நீங்க ரொம்பத்தான் பயப்படுறீங்க" என்றார் வயல்காரர்.

ஏதாவது ஆகாதா என்று, அந்த நான்கு தடவையும் என் மனம் எதிர்பார்த்தது. அப்படி எதிர்பார்க்கிறவனாக நான் ஆகிவிட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இதை அவளிடம் சொன்னேன். எதிர்பார்த்ததை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"அவரு கூட வந்தவங்க எங்க நின்னாங்க?"

யோசித்தேன். யாரோ ஒருவர் கேனோடு வந்திருந்தார். ஆணா பெண்ணா என்றுகூட நினைவில்லை. நான் மேலேயேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கவனிக்கலை" என்றேன்.

அவள் தலையாட்டினாள். இடதுகையால் என் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது, ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டேன்.