மந்திரவாதிக்குச் சதுரங்கப் பலகை அடுக்கியவர்

நாகராசு அறந்தாங்கியில் எங்கள் பஸ் கம்பெனியின் டைம்கீப்பர். நான் அங்கே கீரமங்கலம் பஸ்ஸில் கண்டக்டர். மனுஷன் தங்கமானவர், அந்த வீம்பைத் தவிர. வீம்பால்தான் அவர் மனைவி சொர்ணம் ஒரு வருஷத்துக்கு மேல் கீரமங்கலத்தில் பிறந்த வீட்டில் இருந்தாள்.

நடந்தது இதுதான். மாமனார் வீட்டுக்கு இருவரும் போயிருந்தபோது, மாமனார் வெள்ளைச்சாமியோடு சதுரங்கம் ஆட உட்கார்ந்தார் நாகராசு. எங்கள் பக்கத்து ஆட்டத்தில் ராஜா ஒரே ஒரு முறை குதிரை மாதிரி தாவலாம். அதற்குள் எதிராளி ஒரு செக் வைத்துவிட்டால் அந்த உரிமை போயிற்று. இவர் செக் வைத்து வெகுநேரம் கழித்து, தோற்கப்போகும் சமயத்தில் கிழவர் ராஜாவைத் தாவவிட்டார்.

"கள்ளாட்டம்" என்றார் இவர்.

"என் வீட்டுல ஒக்காந்துக்கிட்டு என்னையே கள்ளன்ங்கிறியா? மன்னிப்புக் கேட்டுட்டு என் மகளைக் கூட்டிட்டுப் போ" என்றார் அவர்.

இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தனியாக பஸ் ஏறி வந்துவிட்டார். என்ன ஜென்மமோ! ஹோட்டல் இட்லியைத் தின்றுவிட்டு, "சொர்ணம் இல்லாம வீடு வீடாவே இல்லப்பா" என்று என்னிடம் கண் கலங்குவார். போய்க் கூப்பிடுங்கள் என்றால் மட்டும் முகம் கறுத்துவிடும்.

யுத்த காலம், பெட்ரோல் தட்டுப்பாடு. கரியில் ஓடிய பஸ் ஒன்று மக்கர் செய்ய, எங்கள் ஆபீசில் மாட்டிக்கொண்ட பயணி ஒருவர் பொழுது போக இவரோடு ஆடி மூன்று முறை தோற்றார். அவர் கோயமுத்தூரில் மாயாஜாலப் படம் எடுக்கும் டைரக்டர். மந்திரவாதியும் ராஜகுமாரனும் ராஜகுமாரியைப் பணயம் வைத்துச் சதுரங்கம் ஆடும் காட்சிக்குக் காய் அடுக்க இவரை அழைத்துப்போனார்.

அங்கே அழகுக்காக இரண்டு ராஜாக்களையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் நிறுத்தியிருந்தார்களாம். "ராஜாவும் ராஜாவும் ஒட்டி நிக்கவே படாதுங்க" என்று எல்லாவற்றையும் கலைத்தார் இவர்.

"யாருக்கய்யா தெரியப்போகிறது?" என்றார் டைரக்டர்.

"எங்க மாமாவுக்குத் தெரியும்."

கீரமங்கலத்தில் ஆட்டம் நின்றபோது மிஞ்சியிருந்தவை ஏழு காய்கள். அந்த ஏழையும் அதே கட்டங்களில் வைத்தார். காய் குறைவாக இருந்ததால் கேமராவுக்கும் தெளிவாகத் தெரிந்ததாம். இவர் சொல்லிக்கொடுத்தபடி, மந்திரவாதி செக் வாங்கிய ராஜாவைத் தாவவிடுவான், ராஜகுமாரன் "கள்ளாட்டம்!" என்று கையைப் பிடிப்பான், மந்திரவாதி எரிந்து சாம்பலாவான். டைரக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

திரும்பி வந்து இதை என்னிடம் சொன்னார். "நல்ல வேலை பண்ணுனீங்க. இனிமே சொர்ணம் வந்தாப்லதான்" என்றேன். "உண்மை நாலு பேருக்குத் தெரியட்டும்ப்பா" என்றார். அடித்துவிடலாம் போல இருந்தது.

கீரமங்கலம் டூரிங் கொட்டகைக்குப் படம் வந்த முதல் நாளே வெள்ளைச்சாமி மகளோடு போய் முன்னால் உட்கார்ந்தார். கோபம் ஒருபக்கம் இருந்தாலும், மாப்பிள்ளை வேலை செய்த படம் என்று கேள்விப்பட்டு ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். மந்திரவாதி ராஜாவைத் தாவவிட்டதுதான் தாமதம், எழுந்து நின்று, "அடேய் கள்ளப்பயலே! செக் வாங்குன ராஜா தாவுமாடா?" என்று கத்தினாராம். கொட்டகையே கைதட்டியது.

சொர்ணம் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "அப்பா, அது நீங்க ஆடுன ஆட்டம்ப்பா."

மறுநாள் காலையில் வெள்ளைச்சாமி மகளை என் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "நான் தாவுனது தப்புத்தான்னு மாப்பிள்ளைக்கிட்டச் சொல்லிருங்க தம்பி" என்றார்.

அறந்தாங்கியில் இறங்கியதும் நான் ஓடிப்போய் அதைச் சொன்னேன். நாகராசுக்கு முகமெல்லாம் பல். "பாத்தியா, ஒத்துக்கிட்டாரு பாத்தியா!" என்றபடி மனைவியின் துணி மூட்டையை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"தெனமும் பஸ்ஸு சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடுவேன்" என்றாள். "கோயமுத்தூரு வரைக்கும் போன மனுசனுக்குக் கீரமங்கலம் தூரமாப் போச்சாங்க?"