பழைய நம்பர்ல பேசின அம்மா

செல்லியம்மனைக் குலதெய்வமா கும்புடுற நம்ம ஜனங்களுக்கு, முக்கியமா குடும்பத்தை ஊர்ல விட்டுட்டு வெளிநாட்டுல கிடக்கிறவங்களுக்கு, ஆலத்தியூர் பக்கத்துல இருந்து கோவிந்தராசு எழுதிக்கிறேன். கோயில் திருவிழா மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுன்னு கேட்டாங்க. எனக்கு அலங்காரமா எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்றேன்.

போன வருஷம் ஐப்பசி மாசம். நான் சவுதியில, தம்மாமுக்கு வெளிய ஒரு கேம்ப்ல இருந்தேன். சாரம் கட்டுற வேலை. கம்பெனி நொடிச்சுப் போச்சு. மாசக்கணக்கா சம்பளம் இல்ல. கேட்டா "அடுத்த வாரம்"னு சொல்லுவாங்க. அந்த அடுத்த வாரம் வரவே இல்ல.

சம்பளம் வராதது ஒரு கஷ்டம்னா, அக்காமா முடிஞ்சு போனது அதைவிடப் பெரிய கஷ்டம். அங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும். அக்காமாதான் நம்ம அடையாள அட்டை. அதைப் புதுப்பிக்கிறது கம்பெனி வேலை. அவங்க புதுப்பிக்கலன்னா நாம ஆளே இல்ல. அங்க இருக்கிற பேங்குக் கணக்கு முடங்கிடும். பணம் அனுப்புற கடையில வாங்க மாட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. ரோட்டுல போலீஸ் வண்டியைப் பாத்தா சந்துக்குள்ள ஒதுங்கணும். ஊருக்கு வந்துடலாம்னா அதுக்கும் அந்த அட்டை வேணும்.

ரூம்ல ஆறு பேரு. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் சமைப்போம். கடைசியில பருப்பும் குப்பூஸ் ரொட்டியும்தான். யாரும் யாருகிட்டயும் அதிகமா பேசிக்கிறது இல்ல. பேசினா அழுகை வந்துடும்னு பயம்.

அப்பத்தான் என் சம்சாரம் மலருக்கு வயித்து வலி. முதல்ல கேஸ்னு மாத்திரை போட்டிருக்கா. என்கிட்ட சொல்லல. நான் சம்பளம் வராததையே அவகிட்ட சொல்லாம, அனுப்புறதுல ஏதோ சிக்கல்னு சமாளிச்சுக்கிட்டு இருக்கேன், அவ வலியை என்கிட்ட சொல்லாம இருக்கா. அப்படித்தான் நாங்க ரெண்டு பேரும் குடும்பம் நடத்தினோம். ஒரு வியாழக்கிழமை சுருண்டு விழுந்துட்டா. அவ அண்ணன் சேகர்தான் வண்டி பிடிச்சு பெரம்பலூருக்குக் கொண்டு போனாரு. தனியார் ஆஸ்பத்திரி. பித்தப்பை அழுகிப் போயிருக்கு, உடனே ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. திருச்சிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாமான்னு சேகர் கேட்டதுக்கு, "கொண்டு போங்க, ஆனா வழியில தாங்குவாங்களான்னு நான் உறுதி சொல்ல முடியாது"ன்னுட்டாரு.

பணம் இல்லாம இல்ல. அதைத்தான் சொல்ல வர்றேன். நம்ம ஊர் பேங்குல என் கணக்குல பணம் இருந்துச்சு. நல்லா சம்பளம் வந்த காலத்துல, வூட்டுக்கு மேல மெத்தை, அதான் மாடி, போடணும்னு மாசாமாசம் கொஞ்சம் நிறுத்தி வச்சது. ஆனா அதை எடுக்க முடியல.

காரணம் ஒரு சிம் கார்டு. பேங்குல கொடுத்திருந்தது என் ஊர் நம்பர். அங்க போனதுக்கப்புறம், எல்லாம் வாட்ஸ்அப்புலதானே பேசுறோம், இதுக்கு எதுக்கு ரீசார்ஜ்னு விட்டுட்டேன். நம்பர் செத்துப் போச்சு. அப்பவும் போன்ல பேங்கு ஆப் வேலை செஞ்சுக்கிட்டு இருந்ததால எனக்கு ஒண்ணும் தெரியல. அந்தப் போன் சாரத்து மேலருந்து விழுந்து நொறுங்கினப்பதான் தெரிஞ்சுச்சு. வேற போன்ல ஆப்பைப் போட்டா ஓ.டி.பி. கேக்குது. கம்ப்யூட்டர்ல போட்டாலும் ஓ.டி.பி. கேக்குது. அது அந்தப் பழைய நம்பருக்குத்தான் போகுது. ஏ.டி.எம். கார்டு என் பர்ஸுல. பேங்குக்குப் போன் பண்ணினா, "நேர்ல வாங்க சார், இல்லன்னா எம்பசியில கையெழுத்து வாங்கி அனுப்புங்க"ன்னாங்க. நான் கேம்ப் கேட்டைத் தாண்டவே பயந்துக்கிட்டு இருக்கேன். எம்பசி எங்க, நான் எங்க.

வெள்ளிக்கிழமை காலையில சேகர் போன் பண்ணினாரு. "மாப்ள, என்னால முடிஞ்சதைக் கட்டிட்டேன். மீதிக்கு வழி பண்ணுங்க. ஆபரேஷனுக்குள்ள கொண்டு போறதுக்கு முன்னாடி கட்டணும்ங்கிறாங்க." அவர் குரல்ல கோபம் இல்ல. இருந்திருந்தா தேவலை.

வேற வழி தெரியாம, என் பழைய நம்பருக்கே போன் போட்டேன். மணி அடிச்சுது. என் நம்பர் யாரு கையிலயோ உயிரோட இருக்கு. ஒரு பொம்பளைக் குரல் எடுத்துச்சு.

"யாரு?"

நான் பதட்டத்துல பேரு கூடச் சொல்லல. "அம்மா, இது என் பழைய நம்பர்ங்க. இப்ப ஒரு ஓ.டி.பி. வரும், அதை மட்டும் சொல்லுங்கம்மா, புண்ணியமாப் போகும்"னு சொன்னேன்.

"ஓ.டி.பி.யா? போனை வைடா, திருட்டுப் பயலே."

வச்சுட்டாங்க. அவங்க மேல தப்பே இல்ல. அவங்க இடத்துல நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.

கட்டில்ல உக்காந்தேன். ரூம்ல இருந்தவங்க குளிக்கப் போயிருந்தாங்க. நான் வாழ்க்கையில எத்தனையோ தடவை ஆத்தாகிட்ட வேண்டியிருக்கேன். எல்லாமே பேரம்தான். இது நடந்தா கிடா வெட்டுறேன், அது நடந்தா முடி எறக்குறேன். அன்னிக்குப் பேரம் பேசக்கூடத் தெம்பு இல்ல. கண்ணை மூடினா கோயில் வாசல்ல இருக்கிற வேப்பமரம்தான் தெரிஞ்சுச்சு. "ஆத்தா, எனக்கு அசந்து போச்சு. என்ன கேக்குறதுன்னே தெரியல. அவளை நீ பாத்துக்க"ன்னு சொன்னேன். அவ்வளவுதான். அழுதேனான்னு கூட ஞாபகம் இல்ல.

கொஞ்ச நேரத்துல வாட்ஸ்அப்புல கூப்பிட்டாங்க. அதே நம்பர்.

"இப்பப் பேசினது நீதானே? உன் பேரு என்ன தம்பி?"

"கோவிந்தராசுங்கம்மா."

அந்தப் பக்கம் யாருகிட்டயோ என் பேரைத் திருப்பிச் சொல்றது கேட்டுச்சு. அப்புறம் மெதுவா கேட்டாங்க: "உனக்குச் சம்பளம் ஏன் தம்பி வரல?"

எனக்குச் சம்பளம் வரலங்கிறது ரூம்ல கூட இருக்கிறவங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. பெத்த தாய்க்குத் தெரியாது. கட்டினவளுக்குத் தெரியாது. முன்னப்பின்ன பாக்காத ஒரு அம்மா கேக்குறாங்க.

அவங்க பேரு ஹாஜிரா பீவி. லப்பைக்குடிக்காடு. பழைய நம்பரை சிம் கம்பெனிக்காரன் தமிழ்நாட்டுல யாருக்கு வேணும்னாலும் கொடுத்திருக்கலாம். பெரம்பலூருக்கு பஸ்ஸுல வந்துடுற தூரத்துல இருக்கிற ஒருத்தங்களுக்குப் போயிருக்கு. என் கணக்குல பணம் வந்தாலும் போனாலும் என் பேரோட மெசேஜ் அவங்களுக்குத்தான். அவங்க மக படிச்சுக் காட்டுமாம். பேங்குல போய் நம்பரை எடுத்து விடுங்கன்னு சொல்லியிருக்காங்க. கணக்குக்காரரே வரணும்னு அனுப்பிட்டாங்களாம்.

"வந்த மறுநாளே வூட்டுக்கு அனுப்பிடுவியே தம்பி. பொறுப்பான புள்ளையா இருக்கான்னு நானும் மகளும் பேசிக்குவோம். திடீர்னு நின்னு போச்சு. எங்க வூட்டுக்காரரு குவைத்துல இருந்தவரு. கடைசியில அவருக்கும் சம்பளம் நின்னு போயி, எங்ககிட்டச் சொல்லாமயே கிடந்து, நோவாளியாத்தான் வந்து சேந்தாரு. இப்ப அவரு மவுத்தாயி, எங்களை விட்டுப் போயி நாளாச்சு. உனக்கு மெசேஜ் வரலன்னதும் எனக்கு மனசு கேக்கல. யாரு பெத்த புள்ளையோ, அல்லா அவனைப் பாத்துக்கன்னு தினம் தொழுதுட்டு துஆ கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். நீ பேரைச் சொல்லாம ஓ.டி.பி.ன்னதும் திருடன்னு வச்சுட்டேன். மகதான், அந்த ஆளா இருந்தா என்னம்மா பண்றதுன்னா."

நான் வேண்டுனது அன்னிக்குக் காலையில. எனக்காக வேண்டுறதுக்கு ஆத்தா எப்பவோ ஒரு ஆளை வச்சுட்டா.

மலர் விஷயத்தைச் சொன்னேன். எல்லாம் கேட்டுட்டு அவங்க சொன்னது இன்னும் காதுல இருக்கு. "தம்பி, போன்ல நான் நம்பர் சொல்ல மாட்டேன். தப்பா எடுத்துக்காத. எந்த ஆஸ்பத்திரி, எந்த ரூம்னு சொல்லு. நான் போய் அந்தப் புள்ளையக் கண்ணால பாக்குறேன். பாத்துட்டுச் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை நாள். அடுப்புல சோறு கிடக்கு. அப்படியே மககிட்ட விட்டுட்டு, பெரம்பலூர் பஸ் ஏறிட்டாங்க. கம்ப்யூட்டர் வச்சிருந்த ஒரு மலையாளத்துத் தம்பி ரூம்ல நான் போய் உக்காந்துக்கிட்டேன். அவங்க வருவாங்களான்னு சந்தேகம் வராம இல்ல. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தருக்காக நாமளா இருந்தா போவோமா?

போனாங்க. சேகர் வாசல்ல நின்னு கூட்டிட்டுப் போயிருக்காரு. மலருகிட்ட நேரா, "உன் வூட்டுக்காரரு பேரு என்னம்மா? மாசம் எந்தத் தேதி வாக்குல உனக்குப் பணம் அனுப்புவாரு?"ன்னு கேட்டிருக்காங்க. மலரு வலியோட சொல்லியிருக்கா. அப்புறம் வீடியோவுல வந்தாங்க. வெள்ளைத் துப்பட்டி, கண்ணாடி, வேர்த்துப் போன முகம். மலரோட கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. "இவதானே உன் பொண்டாட்டி?"ன்னாங்க. "ஆமாங்கம்மா." "இப்ப அனுப்பு."

ஓ.டி.பி. வந்துச்சு. கண்ணாடியை மூக்குல ஏத்திக்கிட்டு ஒவ்வொரு எண்ணாப் படிச்சாங்க. நெட்டு மெதுவா இருந்ததால முதல் தடவை செல்லாமப் போச்சு. "பதறாத தம்பி, மறுபடி கேளு"ன்னாங்க. ரெண்டாவது தடவை போயிடுச்சு. மலர் கணக்கை முன்னாடியே சேத்து வச்சிருந்ததால உடனே ஏறிடுச்சு. சேகர் ஓடிப் போய்க் கட்டினாரு. சாயந்தரமே ஆபரேஷன். அது முடிஞ்சு மலர் கண்ணு முழிக்கிற வரைக்கும் அந்தம்மா கிளம்பல.

மலர் பிழைச்சா. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா விஷம் உடம்பு பூரா ஏறியிருக்கும்னு டாக்டர் சொன்னாராம்.

எல்லாக் கஷ்டமும் அன்னிக்கே தீந்துடுச்சுன்னு நான் பொய் சொல்ல விரும்பல. கம்பெனி பாக்கி முழுசா வரல. வராதுன்னுதான் நெனைக்கிறேன். கேஸ் போட்டு, அலைஞ்சு, வெளியேற அனுமதி வாங்கி மாசியிலதான் ஊர் வந்து சேந்தேன். மெத்தை போட வச்ச பணம் ஆஸ்பத்திரியோட போச்சு. இப்ப சிமெண்ட் ஆலையில காண்ட்ராக்ட் வேலைக்குப் போறேன். உடம்புல அந்த அசதி இன்னும் இருக்கு. சில நாள் வேலை முடிஞ்சு வந்து சும்மா சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். மலர் ஒண்ணும் கேக்காம டீயைக் கையில கொடுப்பா. ஆனா இப்ப நாங்க ஒருத்தருக்கொருத்தர் எதையும் மறைக்கிறது இல்ல. காசு இல்லன்னா இல்லன்னு சொல்றேன். வலிச்சா வலிக்குதுங்கிறா. அதுலயே வூட்டுப் பாரம் பாதி இறங்கின மாதிரி இருக்கு.

வந்ததும் முதல் வேலையா பேங்குல நம்பரை மாத்தினேன். ரெண்டாவது வேலையா மலரைக் கூட்டிக்கிட்டு லப்பைக்குடிக்காடு போனேன். துணி, பழம் வாங்கிட்டுப் போனோம். பழத்தை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. "உங்க பேருக்கு எங்க ஆத்தா கோயில்ல அர்ச்சனை பண்ணலாமாம்மா, ஒண்ணும் நெனச்சுக்க மாட்டீங்களே?"ன்னு மலர் கேட்டா. அவங்க சிரிச்சாங்க. "அது உங்க வழக்கம். செய்யுங்க. எனக்கு நல்லதுதானே கேக்கப் போறீங்க."

வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஊர் சிம்முக்கு மறக்காம ரீசார்ஜ் போட்டு வைங்க. இதைப் படிச்சுட்டு யாரும் யாருக்கும் ஓ.டி.பி. சொல்லிடாதீங்க. அந்தம்மா பஸ் ஏறிப் போய்க் கண்ணால பாத்துட்டுத்தான் சொன்னாங்க. சம்பளம் வரலன்னா வூட்டுல சொல்லுங்க. அப்புறம், முடியாமப் போகும்போது ஆத்தாகிட்டச் சொல்லுங்க. பெரிய வேண்டுதல் வேணாம். அசந்து போச்சு ஆத்தான்னு சொன்னாப் போதும், அது அவளுக்குக் கேக்குது. ஆனா உதவி இந்தப் பக்கத்துல இருந்துதான் வரணும்னு அவளுக்கு வழி சொல்லாதீங்க.

போன வெள்ளிக்கிழமை அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். "பேரு?"ன்னாரு பூசாரி. "ஹாஜிரா பீவி"ன்னேன். தட்டை வாங்கின கை அப்படியே நின்னுச்சு. என் மூஞ்சியைப் பாத்தாரு. எத்தனையோ வருஷமா என்னைத் தெரிஞ்சவரு. "நட்சத்திரம்?"

"தெரியலைங்க."

"சரி, ஆத்தாளுக்குத் தெரியும்"னுட்டு உள்ள போனாரு. மணி அடிச்சு, அந்தப் பேரைச் சத்தமாச் சொன்னாரு.