முனியாண்டி அண்ணனின் பஸ் எங்கே?

என் தம்பி சுகுமாறன் கைப்பேசிச் செயலி செய்கிறவன். எங்கள் லாபு தோட்டக் குடியிருப்பில் அந்த வேலைக்கு அவன் ஒருவன்தான். நான் பள்ளியில் மூன்றாம் படிவம் வரை படித்தவள். நீலாய் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாகத் தரம் பார்க்கிறேன். அதனால் அவன் செயலியையும் நானே பார்த்தேன்.

படிப்பு முடிந்து இரண்டு வருடம் கழித்து, நீலாயில் ஒரு கம்பெனி அவனை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. ஆட்கள் தினமும் பயன்படுத்தும் செயலி ஒன்றைக் காட்ட வேண்டுமாம். எங்கள் தொழிற்சாலை பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் செயலியைச் செய்தான். ஓட்டுநர் முனியாண்டி அண்ணனின் கைப்பேசி, பஸ் இருக்கும் இடத்தைச் சொல்லும். பஸ்ஸில் போகும் நாங்கள் முப்பத்தெட்டு பெண்களும் அதை எங்கள் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டோம். பதினேழு குறைகளை எழுதிக் கொடுத்தேன். பதினேழையும் திருத்தினான்.

பதினெட்டாவது, மூன்றாம் நாள் தெரிந்தது. ரொட்டி சானாய் கடை முன்னால் பஸ் சிவப்புப் புள்ளியாக இருபத்திரண்டு நிமிடம் நின்றது. எல்லோரும் பார்த்தோம்.

பஸ் வந்ததும் எங்களில் ஒருத்தி, தனலெட்சுமி, ஆரம்பித்தாள். "என்னாண்ணே, இன்னிக்கு ரொட்டி ரெண்டா, மூணா?"

"ஜாலான்ல ஜேம் லா," என்று சாலை நெரிசலைச் சாக்குச் சொன்னார்.

"ஜேம் கடைக்குள்ளயா?"

மறுநாள் புள்ளி அவர் வீட்டு வாசலிலேயே நின்றது. பஸ் எங்கள் முன்னால் நின்றது. அதன்பின் செயலியை ஒருத்தியும் திறக்கவில்லை. நேர்முகத்துக்கு ஆறு நாள் இருந்தது.

தம்பி சிக்னலைச் சோதித்தான், பேட்டரியைச் சோதித்தான். நான் அவனை அவர் வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

"அண்ணே, ஏதாச்சும் கோளாறா?" என்று கேட்டான்.

"கோளாறு இல்ல தம்பி. நல்லாத்தான் வேலை செய்யுது. அதான் போனை அடைச்சிட்டேன்," என்றார். "இருபது வருஷமா அங்கதான் பசியாறுறேன். ஒருத்தரும் கேட்டதில்ல."

அன்றே தம்பி வரைபடத்தை எடுத்துவிட்டான். பஸ் வர எத்தனை நிமிடம் என்று மட்டும் வைத்தான். பசியாறும் நேரமும் அதில் அடக்கம்.

"கடை தெரியாதே?"

"தெரியாதுண்ணே."

இரண்டு முறை கேட்டுவிட்டுக் கைப்பேசியைத் திறந்தார்.

நேர்முகத்தில், வரைபடம் போட வராதா என்று கேட்டார்களாம். "போட்டேன் சார். ஓட்டுநர் போனை அடைச்சிட்டாரு. எடுத்தேன், தொறந்துட்டாரு," என்றானாம். அன்று காலை செயலியைத் திறந்தவர்கள் முப்பத்தேழு பேர். விடுபட்டவள் மோகனா. அவள் பஸ் வந்த பிறகுதான் எழுந்திருப்பாள்.

வேலை கிடைத்தது. போன மாதம் தன் முதல் சம்பளத்தை வாங்கினான். அவனும் எங்கள் பஸ்ஸில்தான் வருகிறான். முனியாண்டி அண்ணன் அவனுக்கும் ஒரு ரொட்டி கட்டிக்கொண்டு வருகிறார். அதற்கு மூன்று நிமிடம் கூடுதல். செயலியில் சரியாகக் காட்டுகிறது.