பூட்டு வைத்த மூடி

என் மாமனார் பிள்ளைப்பாக்கத்தில் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணங்களில் அவர் போட்ட இசைத்தட்டுகள் பெட்டி பெட்டியாக வீட்டில் இருக்கின்றன. ஒரகடத்தில் சூப்பர்வைசராக இருக்கும் என் கணவர், அவற்றுக்காக உசத்தியான ரெக்கார்டு பிளேயர் வாங்கக் கிளம்பினார். மாமனாரும் சலவை வேட்டியில் கூடவே வந்தார்.

கடையில் மாமனார் ஆசையாக ஒரு பிளேயரின் ஊசியைத் தூக்கினார். கணவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். "வுடுப்பா! கை நடுங்குது, தட்டு கீறிக்கும்." பிறகு கடைக்காரரிடம், "பூட்டு வெச்ச மூடி இருந்தா காட்டுங்க. பெருசு கை வெச்சிகினே இருக்கும்" என்றார்.

மாமனார் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இப்போது ஞாயிறானால் நண்பர்களைக் கூப்பிட்டு, "எங்கப்பா கலெக்‌ஷன்" என்று கணவர் பெருமையடிக்கிறார். மூடியின் சாவி அவர் பாக்கெட்டில் இருக்கிறது. அந்த வாய்க்குக் காபி கொடுக்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பாட்டு கேட்டால் மாமனார் வாசல்படி வரை வருவார். கைகளை மட்டும் பின்னால் கட்டிக்கொள்வார்.