அர்த்தநாரி மாப்பிள்ளையின் பத்து வேளை மலை

செய்தி வந்தபோது திருச்செங்கோடு பேருந்து நிலையத்து டீக்கடையில் நான் மாப்பிள்ளையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவர் வாங்கி வைத்த ஓவியங்களைப் பார்க்கப் பாரிஸிலிருந்து நான்கு வெள்ளைக்காரர்கள் விமானத்தில் வருகிறார்கள் என்று சொல்லி முடிக்கவில்லை, என் தங்கை ஈஸ்வரி போனில் கூப்பிட்டாள். "அண்ணா, காப்பி கொண்டுபோயி எழுப்பறேன், அவரு எந்திரிக்கவே மாட்டேங்கறாருங்ணா" என்றாள். வெள்ளைக்காரர்கள் நான் சேர்த்துக்கொண்டது. மற்றது நான் சேர்த்ததாக இருந்திருக்கக் கூடாதா என்று இன்னமும் நினைக்கிறேன்.

ரிக் அர்த்தநாரி என்றால் இதைப் படிக்கிற உங்களுக்கெல்லாம் தெரியும். போர்வெல் லாரியில் குழாய் மாட்டுகிற ஆளாக வடக்கே போய், இரண்டு ரிக் வண்டிக்குச் சொந்தக்காரராகத் திரும்பி வந்தவர். அவர் ஓவியம் சேர்த்த கதையைச் சொல்ல என்னைவிட்டால் ஆள் கிடையாது. நான் ஒன்பதாவதோடு நின்றவன்தான். ஆனால் எனக்கு ஓவியம் பற்றித் தெரிந்ததை எழுதிக் கொடுத்தால் கல்லூரியில் பாடமாக வைப்பார்கள்.

முதல் படம் அவரிடம் வந்தது ஒரு சண்டையில். ஏற்காடு மலையடிவாரத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில், மரகதம் என்ற ஓவியர் குடியிருக்கிறார். அவர் வீட்டில் கிணறு போட மாப்பிள்ளையின் வண்டி போயிருந்தது. நானும் மேற்பார்வைக்குப் போயிருந்தேன். நான் இல்லாமல் அங்கே ஒரு குழாய் இறங்காது. கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியதும் பாறைத்தூள் வெள்ளை மேகமாக எழும்பி, முற்றத்தில் காயப் போட்டிருந்த எண்ணெய்ச் சாயப் படத்தின் மேல் அப்படியே படிந்துவிட்டது. அந்த அம்மா கத்தின கத்து சேலம் வரை கேட்டிருக்கும். மாப்பிள்ளை வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டுப் படத்தின் முன்னால் போய் நின்றார். தூள் ஒட்டின வெயிலை வெகுநேரம் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க அம்மணி, இது எனக்கு இருக்கட்டுமுங்க. தூளு என்ற வண்டியுதுதானுங்களே" என்றார். அன்றைக்கு ஆயிரத்து இருநூறு அடி போனோம். எண்ணூறு என்று சொல்பவர்கள் கூடவே இருந்தவர்கள் இல்லை.

அதற்குப் பிறகு அவர் படம் வாங்குவதை நிறுத்தவில்லை. மரகதம் வரைவது இம்ப்ரஷனிச பாணி. பொருளை வரையாமல் அதன் மேல் விழுகிற வெளிச்சத்தைப் புள்ளி புள்ளியாக வைப்பது. வீட்டுக்கு வந்தவர்கள் படத்தில் மூக்கு முட்ட நின்று "என்னுங்க, ஒண்ணும் புரியலீங்களே" என்றால், தோளைப் பிடித்து எட்டு அடி பின்னால் இழுப்பார் மாப்பிள்ளை. "கிட்ட நின்னாச் சாயம். தள்ளி நின்னா வெயிலு" என்பார். எங்கள் பங்காளி ஒருவர் அப்படிப் பின்னால் போய்ப் போய் வாசல்படியில் விழுந்தே போனார். "இப்பத் தெரியுதுங்களா?" என்று அப்போதும் விடாமல் கேட்டார் மாப்பிள்ளை.

பிறகு மரகதம் ஒரு வரிசை தொடங்கினார். திருச்செங்கோட்டு மலை, விடியலிலிருந்து இருட்டும் வரை பத்து வேளை. செப்புத் தகட்டில் கீறி, வண்ண மை பூசி, காகிதத்தில் ஒற்றி எடுத்த அச்சுப் படங்கள். ஒவ்வொரு வேளைக்கும் முப்பது தாள்தான். அடியில் வெள்ளை ஓரத்தில் பென்சிலால் எண்ணும் கையெழுத்தும் இருக்கும். முப்பது முடிந்ததும் தகட்டின் குறுக்கே கோடு கிழித்துவிடுவார். பிறகு அவரே நினைத்தாலும் இன்னொன்று எடுக்க முடியாது. பத்திலும் ஏழாம் எண் தாள் தனக்கென்று மாப்பிள்ளை சொல்லி வைத்தார். "நான் வடக்க பூமியத் தொளச்சுட்டுத் திரிஞ்ச காலத்துல இந்த மலை தெனமும் பத்து வேளை இப்பிடி நின்னிருக்குது மச்சான். ஒரு வேளைகூட நான் பாக்கல. முழுசா ஒரு நாளு என்ற ஊட்டுல இருக்கோணும்." இதற்குமேல் அவர் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்த ஒரு நாளில் நண்பகலை நான் கெடுத்தேன்.

படத்துக்குக் கண்ணாடி போட்ட கடைக்காரன் கை தவறி வெட்டிவிட்டான் என்றுதான் உங்களிடமெல்லாம் அவர் சொல்லியிருப்பார். உண்மை அதுவல்ல. ஏழாம் எண் நண்பகலைச் சேலத்தில் சட்டம் போட எடுத்துப் போனவன் நான். சாமி படத்துக்கும் கல்யாணப் படத்துக்கும் சட்டம் போடுகிற கடை. "சட்டம் சின்னதா இருக்குதுங்க, இந்த வெள்ளை ஓரத்த என்னுங்க பண்றது?" என்று அந்த மனிதர் ஒழுங்காகத்தான் கேட்டார். "ஏதோ பென்சில் கிறுக்கலுங்க, சேத்து வெட்டி உடுங்க. ஓவியத்துல நான் பாக்காததா?" என்றேன். ஓரத்தோடு படத்திலும் அரை அங்குலம் போயிற்று. நண்பகலில் மலைக்கு நிழலே அடிவாரத்தில்தான் ஒரு கோடு கிடக்கும். அந்தக் கோடும் போய்விட்டது.

மாப்பிள்ளை பார்த்தார். "மலைக்குக் கால் இல்லீங்களே மச்சான்" என்றார். அவ்வளவுதான். அன்று அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் எதிர்த்துப் பேசிச் சமாளித்திருப்பேன்.

கடைக் குப்பையில் தேடினோம், ஓரம் கிடைக்கவில்லை. மரகதத்திடம் போனோம். "கோடு கிழிச்ச தகட்டுல இன்னொண்ணு எடுத்துக் குடுத்தா, வாங்கின மத்தவங்களை நான் ஏமாத்தின மாதிரி ஆயிடுங்க" என்றார். நான் வாதாட வாயைத் திறந்தேன். "அம்மணி சொல்றதுதான் நாயம்" என்று மாப்பிள்ளை என் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். வெளியே வந்து, "நம்பரு மாறுனாலும் பரவால்லீங்க, காலோட ஒண்ணு வேணும். தேடுவோம்" என்றார்.

தேடினார். மற்ற நண்பகல்களெல்லாம் வெளியூர், வெளிநாடு. கைக்கு எட்டும் தூரத்தில் ஒன்றே ஒன்று, நாமக்கல்லில், ஓய்வுபெற்ற ஆசிரியை சரோஜா வீட்டில். எண் பத்தொன்பது. "தர மாட்டேன், பாக்கணும்னா வாங்க" என்றுவிட்டாராம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பஸ் ஏறிப் போவார். ரிக் முதலாளி, வாசலில் கார் நிற்கிறது, ஆனாலும் பஸ்தான். "கார்ல போனா மெரட்டற மாதிரி இருக்குமுங்க" என்பார். அரை மணி நேரம் படத்தைப் பார்ப்பார், மோர் குடிப்பார், "போயிட்டு வாரேனுங்க டீச்சர்" என்று வந்துவிடுவார். இப்படி நாலு வருடம். எங்கள் வீட்டில் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன், என் குற்றம் தெரியக்கூடாது என்று.

கருமாதி முடிந்து நான் நாமக்கல் போனேன். சரோஜா டீச்சருக்குச் செய்தி தெரியவில்லை. அந்த மாதம் மாப்பிள்ளை வராததால் மோரை வைத்துக்கொண்டு காத்திருந்ததாகச் சொன்னார். நான் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"முதல் நாள் ஒரே ஒரு தடவை கேட்டார். அப்புறம் கேக்கவே இல்லை. நானும் ஒவ்வொரு மாசமும், இன்னைக்குக் கேப்பார் கேப்பார்னு இருந்தேன். ரெண்டாவது தடவை கேட்டிருந்தா கழட்டிக் குடுத்திருப்பேன்."

"இப்ப நான் கேக்கறேனுங்க."

"நீங்க யாரு?"

எத்தனையோ சொல்லியிருக்கலாம். தயாராகவும் போயிருந்தேன். "படத்த வெட்டச் சொன்னவனுங்க" என்றேன்.

"கடைக்காரன் வெட்டினான்னுல்ல சொன்னார்?"

"இல்லீங்க. நான்தானுங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். "அவர் நாலு வருஷம் பார்த்தாரு. நீங்க இன்னும் ஒழுங்கா ஒரு தடவை பார்க்கலை. அடுத்த மாசம் வாங்க. பார்த்துட்டு, ரெண்டாவது தடவை கேளுங்க" என்றார்.

மாப்பிள்ளையின் படங்களெல்லாம் ஈஸ்வரி வீட்டுச் சுவரில் இருக்கின்றன. விலை கேட்டு வருபவர்கள் வரட்டும், ஒன்றும் இறங்காது. எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த நாமக்கல் பயணம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில்தான் போகிறேன். எட்டு அடி தள்ளி நின்று அரை மணி நேரம் வாயைத் திறக்காமல் பார்ப்பேன். என்னை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். பிறகு கேட்பேன். அந்த அம்மா தர மாட்டேன் என்றால் அதற்கடுத்த மாதமும் கேட்பேன்.